சித்தப்பாவின் காதுக்குப் பத்துக்கு ஒன்பது

உலகத்தில் எட்டாவது அதிசயம் எது என்று யாராவது கேட்டால் தயங்காமல் எங்கள் சித்தப்பாவின் காதைச் சொல்லுங்கள். அடுத்த தெருவில் எறும்புக்குத் தும்மல் வந்தால் அது ஆண் எறும்பா பெண் எறும்பா என்று நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே சொல்லிவிடுவார். மாடித் தொட்டி நிரம்ப இன்னும் எத்தனை குவளைத் தண்ணீர் வேண்டும் என்பது குழாய்ச் சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடும். பால் பொங்கலாமா என்று யோசிக்கும்போதே அந்த யோசனை அவர் காதில் விழுந்துவிடும். இதெல்லாம் என் சரக்கு இல்லை, சித்தப்பாவே சொன்னது. நான் லேசாக உப்பு காரம் சேர்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அவருக்கு வயது ஐம்பத்தாறு. பெரிய ஆஸ்பத்திரியில் காது டெஸ்ட் எடுக்கிற வேலை. சத்தம் புகாத ஒரு சின்ன அறைக்குள் நோயாளியை உட்கார வைத்து, தலையில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுப்பார். கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்து, கண்ணாடி வழியாக ஆளைப் பார்த்துக்கொண்டே விதவிதமான சத்தங்களை அனுப்புவார். கேட்டால் அவர்கள் பட்டனை அழுத்த வேண்டும். இங்கே விளக்கு எரியும். சித்தப்பா சீட்டில் ஒரு புள்ளி வைப்பார், காது மந்தமானால் புள்ளி கீழே இறங்கும். இருபத்தெட்டு வருஷமாகப் புள்ளி வைக்கிறார். வாசலில் வைத்திருந்தால் இந்த ஊருக்கே கோலம் முடிந்திருக்கும்.

இந்த வேலையில் ஒரு தந்திரம் இருக்கிறது. நடுநடுவே எந்தச் சத்தமும் அனுப்பாமல் மெஷினைச் சும்மா விடுவார். அப்போதும் சிலர் பட்டனை அழுத்துவார்கள்.

"சும்மா இருக்கும்போது அழுத்துறவங்க ரெண்டே ஜாதி, வாலு" என்பார் சித்தப்பா. வாலு நான்தான். பத்தாம் வகுப்பை இரண்டு தடவை பார்த்தும் அது என்னைப் பார்க்காததால், என்னைத் திருத்துவதற்காக அம்மா இவர் வீட்டில் விட்டுவைத்திருக்கிறாள். "ஒருத்தன் ஏமாத்துக்காரன். இன்னொருத்தன், டெஸ்ட் எடுக்கிறவர் மனசு கஷ்டப்படக் கூடாதேன்னு அழுத்துற நல்லவன். எனக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான். சீட்டைக் கிழிச்சுட்டு முதல்லேருந்து ஆரம்பிப்பேன்."

இப்படிப்பட்ட காது வீட்டுக்கு வந்தால் சும்மா இருக்குமா? பாட்டுக் கேட்கும். முன்னறையில் சோபாவுக்கு நேர் எதிரே என் இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர். நடுவில் அலமாரித் தட்டில் ஆம்ப். ஆம்ப் என்றால் பாட்டைப் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிற பெட்டி. பதினான்கு வருஷமாக அந்த இடத்தில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. டிரான்சிஸ்டர் ஆம்ப். பட்டனைத் தட்டினால் சிவப்பு விளக்கு எரியும், பாடும். சூடாகாது, கோபப்படாது, சம்பளம் கேட்காது. சித்தி அதை "மாப்பிள்ளை" என்பாள், வீட்டுக்குள் இருப்பதே தெரியவில்லையாம்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள் சித்தப்பா பாட்டை நிறுத்திவிட்டு, "மேல் சத்தம் செத்துப்போச்சு" என்றார். ஜாலராவின் கிணுகிணுப்பு, பாடுகிறவள் மூச்சு இழுப்பது எல்லாம் மங்கிவிட்டதாம், மேலே யாரோ போர்வை போட்ட மாதிரி.

விசாரணை தொடங்கியது. முதல் குற்றவாளி ஒயர், புது ஒயர் வந்தது. அடுத்தது ஜன்னல் திரை. தடியாக இருக்கிறதாம், சத்தத்தைக் குடிக்கிறதாம். கழற்றினார். ஆறு வாரம் எதிர்வீட்டுக்காரர்களுக்கு நாங்கள் சினிமா காட்டினோம். அதற்கடுத்து சித்தியின் துணி பீரோ. "மூலையில நின்னு சத்தத்தை மழுக்குது" என்று அதைத் தள்ளித் தள்ளிச் சமையலறை வாசலுக்கே கொண்டுபோனார். சித்தி ஒரு மாதம் பக்கவாட்டில் நடந்து சமையலறைக்குள் போய் வந்தாள். கடைசியில் தீர்ப்பு மாப்பிள்ளை மேல் விழுந்தது.

"டிரான்சிஸ்டருக்கு உயிர் கிடையாது. வால்வுதான் உயிர்."

வாஷிங் மெஷின் வாங்க வைத்திருந்த பணத்தில் வால்வு ஆம்ப் வந்து இறங்கியது. பழைய காலத்து ரேடியோவுக்குள் இருக்குமே, அந்த மாதிரிக் கண்ணாடிக் குடுவைகள் எட்டு, மூடி கூட இல்லாமல் மேலே வரிசையாக நின்றன. பட்டனைப் போட்டதும் பாடாது. முதலில் உள்ளே ஆரஞ்சுக் கம்பி மெல்லச் சிவக்கும். சித்தப்பா கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார். பிறகு பாடும். பாடப் பாட அறையும் சூடாகும்.

"இதுல தோசைக் கல்லை வெக்கலாமா?" என்றாள் சித்தி, துணி துவைத்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே.

"கிண்டல் பண்ணாதே. கேளு. மேல் சத்தம் எப்படித் திரும்பி வந்திருக்கு பாரு."

"எனக்கு அது போனதே தெரியலையேங்க."

ஒரு மாதம் சித்தப்பா சொர்க்கத்தில் இருந்தார். யார் வந்தாலும் சோபாவின் நடுவில் பிடித்து உட்கார வைத்து, "கேட்டீங்களா? கேட்டீங்களா?" என்று கேட்டார். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் கூடத் தப்பவில்லை. பாவம், இன்னும் மூன்று வீடு பாக்கி, "கேட்டுச்சு சார், கேட்டுச்சு சார்" என்று படியில் இறங்கிக்கொண்டே சொன்னார்.

நாலைந்து மாதம் போயிருக்கும். ஒரு நாள் சித்தப்பா பாட்டை நிறுத்திவிட்டு வால்வுகளை வெறித்துப் பார்த்தார். மறுநாள் அவற்றைக் கழற்றித் துடைத்துப் போட்டார். அடுத்த வாரம் மாப்பிள்ளையை மறுபடியும் தட்டில் ஏற்றினார். அதற்கடுத்த வாரம் வால்வு. பிறகு இரண்டும் அலமாரியில், ஒயர்கள் தரையில், நடுவில் சித்தப்பா மண்டியிட்டபடி, பிள்ளை காணாமல் போனவர் மாதிரி.

சித்தி ஒரு நாள் துவைத்த துணிக்கூடையோடு அந்த ஒயரில் தடுக்கி விழுந்தாள். எழுந்ததும் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒண்ணு போகணும். எதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க. ரெண்டும் இருந்தா நான் போறேன். எனக்கு ஒயர் கூடக் கிடையாது, பிடுங்கி மாட்ட வேண்டிய வேலையும் இல்லை."

இந்த நேரத்தில்தான் நான் ஒரு வேலை செய்தேன். என் புத்தி அப்படி.

போனில் ஒரு ஆப் இருக்கிறது. கீச்சென்று ஒரே சத்தம் போடும். எவ்வளவு மேலே வேண்டுமானாலும் ஏற்றலாம். ரொம்ப மேலே போனால் பெரியவர்களுக்குக் கேட்காது, எங்களுக்கு மட்டும் கேட்கும். ஸ்கூலில் வாத்தியார் பாடம் எடுக்கும்போது இதைப் போட்டு, வகுப்பே காதைப் பொத்திக்கொள்ள, அவர் மட்டும் விஷயம் புரியாமல் கணக்கை அழித்து அழித்து எழுதியிருக்கிறார். எறும்புத் தும்மல் கேட்கிற காதுக்கு இதைப் போட்டுப் பார்க்க வேண்டாமா?

சாயங்காலம் சித்தப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சித்தி அவர் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் சோபாவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து பதினைந்தாயிரம் ஹெர்ட்ஸில் ஆரம்பித்தேன். எனக்கு மட்டும் பல் கூசியது. மெல்ல இறக்கினேன். பதினோராயிரத்தில் சித்தி தலையைத் தூக்கி, "என்னடி அது கீச்சு கீச்சுன்னு? எலியா?" என்றாள். சித்திக்கும் அவருக்கும் இரண்டு வயதுதான் வித்தியாசம்.

சித்தப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். "எங்கே கீச்சு?"

"இதோ, இப்பக்கூட."

"உனக்கு எப்பவும் எலி ஞாபகம்" என்று பேப்பரைப் புரட்டினார்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு இன்னும் இறக்கினேன். ஒன்பதாயிரம். எட்டாயிரம். பேப்பர் புரண்டது. ஏழாயிரம். சித்தி காதைப் பொத்திக்கொண்டு என்னைத் தேடினாள். ஆறாயிரம். சித்தப்பா விளையாட்டுச் செய்தியில் மூழ்கியிருந்தார். ஐயாயிரத்தில்தான் அவர் தலை திரும்பியது.

"ஏய் வாலு, நீதானா? நிறுத்து! காது கிழியுது!" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். ஆனால் அந்த ஆப்பை அன்றைக்கே அழித்தேன். முதலில் கேட்ட கீச்சு மட்டும் எலிதான் என்று சித்தியிடம் சத்தியம் செய்தேன்.

சனிக்கிழமை இன்ஜினியர் மாமா வந்தார். ஆஸ்பத்திரி மெஷின்களை ரிப்பேர் பார்ப்பவர், சித்தப்பாவுக்கு இருபது வருஷ நண்பர். அவருக்கும் பாட்டுப் பைத்தியம் உண்டு. ஆனால் அவர் கட்சி வேறு. "அளந்து பாருப்பா. சத்தத்தைச் சமமா வெச்சா ரெண்டு ஆம்பும் ஒண்ணுதான். வால்வுங்கிறது கண்ணுக்குத்தான் பாடும்" என்பார். கழித்துக்கட்டுகிற பெட்டியைத் தானே எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

டீ குடித்துக்கொண்டே சித்தியிடம் சிரிக்கச் சிரிக்க ஒரு கதை சொன்னார்.

"தங்கச்சி, உன் வீட்டுக்காரன் என்னை எப்படி அலைய விடறான் தெரியுமா? தினமும் காலையில முதல் நோயாளி வர்றதுக்கு முன்னாடி, இவன் ஹெட்போனைத் தன் தலையில மாட்டி, மெல்லிசான சத்தமெல்லாம் வருதான்னு பார்க்கணும். மெஷின் சரியா இருக்குன்னு நோட்டுல கையெழுத்துப் போடணும். இந்த வருஷத்துல மூணு தடவை 'இடது பக்கம் எட்டாயிரம் வரலை'ன்னு எழுதி வெச்சிருக்கான். நான் ஓடி வந்து மாட்டிப் பார்த்தா ஜம்முன்னு வருது! ஏம்பா, ஹெட்போனை இடது வலது மாத்திப் போட்டுப் பார்த்தியா? மெஷின்ல கோளாறுன்னா கோளாறு வலது காதுக்கு மாறிடும், இல்லேன்னா..."

அங்கே நிறுத்திக்கொண்டார். டீயை ஒரு மடக்குக் குடித்தார்.

ஹெட்போனை மாற்றிப் போட ஒரு நொடி ஆகும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சித்தப்பா முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே அதைத்தான். மூன்று தடவையும் அவர் மாற்றிப் போடவில்லை. காதில் குறை இருப்பவர் அந்த நாற்காலியில் உட்கார முடியாது. ரெக்கார்ட் ரூமில் பழைய சீட்டுகளை அடுக்கப் போக வேண்டியதுதான். அங்கே போன கம்பவுண்டர் ஒருவரைப் பற்றிச் சித்தப்பா சொல்லும்போது, செத்துப்போனவரைப் பற்றிப் பேசுகிற குரலில்தான் பேசுவார்.

"காலையில வரலை. நீ வந்தப்ப வந்துச்சு. லூஸ் கனெக்‌ஷன்" என்றார் சித்தப்பா. "நாளைக்கு வா. கண்ணை மூடிக்கிட்டு எது வால்வு, எது டிரான்சிஸ்டர்னு பத்துக்குப் பத்து சொல்றேன். அப்ப யாருக்குக் கோளாறுன்னு தெரியும்."

இப்படியாக, ஒரு பெட்டியைத் தேர்ந்தெடுக்கிற விஷயம் காதுக்கு வைக்கிற பரீட்சையாக மாறியது.

ஞாயிறு காலை இன்ஜினியர் மாமா மீட்டரோடு வந்தார். ஒரு துளி சத்தம் கூடுதலாக இருந்தாலும் அதுதான் நல்லது என்று காது பொய் சொல்லுமாம். அதனால் இரண்டு ஆம்பையும் அளந்து அளந்து சமமாக வைத்தார். சித்தப்பா தானே ஒரு சுவிட்ச் பெட்டி செய்திருந்தார். இந்தப் பக்கம் திருப்பினால் ஸ்பீக்கர் வால்வுக்குப் போகும், அந்தப் பக்கம் திருப்பினால் டிரான்சிஸ்டருக்கு. ஸ்பீக்கர் இல்லாமல் ஓடினால் வால்வு ஆம்ப் எரிந்துபோகுமாம், அதற்கும் உள்ளே ஏதோ தாங்கல் கொடுத்திருந்தார். வேலை என்று வந்தால் அப்படித்தான், சித்தப்பாவிடம் குறை சொல்ல முடியாது.

சுவிட்சைத் திருப்பும் பொறுப்பு எனக்கு. "இவளையா?" என்று இன்ஜினியர் மாமா அலறினார். "யாருக்கும் பயப்படாதவ. அதனால யாருக்காகவும் பொய் சொல்ல மாட்டா" என்றார் சித்தப்பா. அந்த வார்த்தை இன்னும் என் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அவர்கள் இருவரும் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். நான் அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டோடு. நான் காசைச் சுண்டிப் போட்டுப் பக்கம் மாற்ற, அதே பாட்டின் அதே அரை நிமிஷம் பத்துத் தடவை ஓடியது. சித்தப்பா கண்ணை மூடி, கழுத்தை நீட்டி, ஒவ்வொரு தடவையும் சொன்னார்.

"வால்வு. மூச்சு கேக்குது."

அது டிரான்சிஸ்டர்.

"இது டிரான்சிஸ்டர். செத்த சத்தம்."

அது வால்வு.

ஏழாவது தடவை அவர் நெற்றியில் வேர்வை. எட்டாவதில், "இன்னொரு தடவை போடு" என்று கெஞ்சுகிற மாதிரிக் கேட்டார். சித்தி சமையலறை வாசலில் நின்று, கையில் இருந்த கரண்டியை மறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிந்தது. நோட்டைப் பார்த்தேன். பத்துக்கு நாலு.

நான் பரீட்சையில் எத்தனையோ மார்க் திருத்தியிருக்கிறேன், எல்லாம் எனக்காக. பத்துக்குப் பத்து போட்டால் யாரும் நம்ப மாட்டார்கள் என்பது அனுபவப் பாடம். "ஒன்பது" என்றேன். "ஆறாவது மட்டும் தப்பு."

இன்ஜினியர் மாமாவின் வாய் திறந்தபடி இருந்தது. "ஒன்பதா?"

"ஒன்பது" என்று அழுத்திச் சொன்னேன்.

சித்தப்பா துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். அவர் கண்ணைத் திறந்து, கொஞ்ச நேரம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வால்வு இருக்கட்டும். கறுப்புப் பெட்டியை நாளைக்கு எடுத்துக்க" என்றார். இன்ஜினியர் மாமா அவர் தோளைத் தட்டி, "உன் காதைப் போய் நான் சந்தேகப்பட்டேனே" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று பூராவும் நான் என்னை மெச்சிக்கொண்டு திரிந்தேன்.

திங்கட்கிழமை சித்தப்பா ஆஸ்பத்திரியிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டார். மாப்பிள்ளை கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

"கடைசியா ஒரு ரவுண்டு, வாலு. போகிற பெட்டிக்கு மரியாதை."

இரண்டு ஆம்பும் எரிந்துகொண்டிருந்தன, ஒன்று ஆரஞ்சு, ஒன்று சிவப்பு. நான் சுவிட்சைத் திருப்பினேன். அவர் முதுகைக் காட்டிச் சொல்லிக்கொண்டே வந்தார், நேற்று மாதிரித் தடுமாறாமல், யோசிக்காமல், வால்வு, வால்வு, டிரான்சிஸ்டர், வால்வு என்று பட்டியல் ஒப்பிப்பது போல. நேற்று ஒன்பது கொடுத்தாயிற்று, இன்று எட்டு கொடுத்தால் இயல்பாக இருக்கும் என்று கணக்குப் போட்டேன்.

"எட்டு, சித்தப்பா!"

"எட்டா? பரவாயில்லையே" என்றார். "அந்தக் கறுப்புப் பெட்டியைக் கொஞ்சம் முன்னால இழு."

இழுத்தேன். லேசாக வந்தது. பின்னால் பார்த்தேன். கரண்ட் ஒயர் ஒன்றுதான் மாட்டியிருந்தது. ஸ்பீக்கருக்குப் போகிற ஒயரும் இல்லை, பாட்டு வருகிற ஒயரும் இல்லை. சுவிட்சை எந்தப் பக்கம் திருப்பினாலும் வால்வுதான் பாடும்படி மாற்றிக் கட்டியிருந்தார். பத்துத் தடவையும் பாடியது வால்வு. மெஷினைச் சும்மா விட்டிருக்கிறார். நான் பட்டனை அழுத்தியிருக்கிறேன்.

"நேத்து எத்தனை?"

"சித்தப்பா..."

"எத்தனைடி?"

"நாலு."

தலையை ஆட்டினார். "உன் இன்ஜினியர் மாமா சொல்றதுதான் சரி. சமமா வெச்சா ரெண்டும் ஒண்ணு. யார் கேட்டாலும் நாலோ அஞ்சோதான் வரும், உனக்கும் அவ்வளவுதான் வரும். நாலுன்னு சொல்லியிருந்தா, பெட்டி ரெண்டும் ஒண்ணு, என் காதுல குறை இல்லைன்னு இன்னும் நாலு வருஷம் ஓட்டியிருப்பேன். நீ ஒன்பது போட்டே பாரு, அப்பதான் எனக்குத் தெரிஞ்சது. என் காதைப் பத்தி உனக்கு ஏதோ தெரியும். உனக்கே பாவமா இருக்கிற அளவுக்குத் தெரியும்."

உதவி செய்கிறேன் என்று போய், அவருக்கு மிச்சம் இருந்த ஒரே கதவையும் நான்தான் சாத்தியிருக்கிறேன்.

"அன்னிக்கு எலின்னு சொன்னியே, அந்தச் சத்தம். போன்ல இருக்கா?"

"அழிச்சுட்டேன்."

"திரும்ப ஏத்து."

ஏற்றினேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்றை எடுத்து, பெயர் எழுதும் இடத்தில் தன் பெயரை எழுதினார். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து, நோயாளிகள் உட்காருகிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கேட்டா விரலைத் தூக்குவேன். நடுவுல சும்மா விட மறக்காதே."

பதினோராயிரத்தில் ஆரம்பித்தேன். விரல் தூங்கியது. பத்தாயிரம். ஒன்பதாயிரம். அந்த விரலைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. எட்டாயிரத்துக்கு இறக்கினேன். அவர் வேலைக்கு வேண்டியது அந்த எட்டாயிரம்தான். விரல் அசையவில்லை.

"இப்ப சத்தம் போகுதா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"இல்லை சித்தப்பா, சும்மாதான் விட்டிருக்கேன்" என்றேன்.

சமையலறையிலிருந்து சித்தியின் குரல் வந்தது. "ஏய், அந்தக் கீச்சை நிறுத்துடி! தலை வலிக்குது!"

சித்தப்பா திரும்பவில்லை. பேனாவை எடுத்து, சீட்டில் எட்டாயிரத்துக்கு நேரே ஒரு புள்ளி வைத்தார், ரொம்பக் கீழே.

"உன் சித்திக்குக் கேக்குது" என்றார். "இந்தச் சீட்டையாவது கிழிக்க வைக்காதே, வாலு. அடுத்ததைப் போடு."